சத்தம் பெரிசு, சர்வ் சின்னது

“உங்க சர்வ்ல சத்தம் நல்லா வருது தம்பி” என்றார் அந்த அம்மா. பாராட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். அறுபதைத் தாண்டியவர், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஆடுகிறவர். பிக்கிள்பாலில் எங்கள் ஜோடியை 11-3 என்று தோற்கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி எனக்கு உறைத்தது. சத்தம் வருகிறது, பந்துதான் வரவில்லை.

நான் பல வருஷம் பேட்மின்டன் ஆடியவன். மணிக்கட்டுதான் மூலதனம் என்று பழகிய கை. பேடில் என்கிற கட்டையால் ஓட்டைப் பந்தை நெட்டுக்கு மேலே அடித்து ஆடுகிற பிக்கிள்பாலுக்கு வந்தபோது அதே கையைத்தான் கொண்டுவந்தேன். பேடிலை இறுக்கிப் பிடிப்பேன், பந்தைக் கொஞ்சம் மேலே தூக்கிப் போடுவேன், தோளிலிருந்து ஒரு இழுப்பு, கடைசியில் மணிக்கட்டால் ஒரு வெட்டு. ‘டக்’கென்று பக்கத்துக் கோர்ட் வரைக்கும் கேட்கும். பந்து நெட்டில் போய் முட்டும், இல்லையென்றால் கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு ஓரடி வெளியே விழும். தப்பித் தவறி உள்ளே விழுந்தால், சர்வ் விழ வேண்டிய பெட்டியின் நடுவில் அழகாக எழும்பி நிற்கும், எதிராளி சாவகாசமாக வந்து அடிக்க.

அந்த அம்மாவின் சர்வ் அப்படியில்லை. ‘தப்’பென்று ஒரு சின்ன ஒலி. பந்து நெட்டுக்கு மேலே மூன்று நான்கு அடி உயரத்தில் அலட்டிக்கொள்ளாமல் வரும். நான் நிற்கிற பேஸ்லைனுக்கு ஒரு சாண் உள்ளே குத்தி, என் வயிற்றைப் பார்த்து எழும்பும். நான் ஒரு எட்டுப் பின்னால் வைப்பேன். பின்னால் சாய்ந்தபடியே அடித்த ரிட்டர்ன் பாதிக் கோர்ட்டில் போய்த் தொங்கும். அதற்கு மேல் அந்த ராலியில் எனக்கு வேலை இருக்காது.

டென்னிஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆட்டத்தில் சர்வ் அடிக்கிறவர்தான் பின்தங்கிய பக்கம். சர்வ் எதிர்ப்பக்கம் ஒருமுறை குத்தியாக வேண்டும், அதற்கு வரும் ரிட்டர்னும் நம் பக்கம் ஒருமுறை குத்தியாக வேண்டும். அதனால் சர்வ் அடித்த ஜோடி பேஸ்லைனிலேயே காத்து நிற்க, ரிட்டர்ன் அடித்தவர் ஹாயாக நடந்து கிச்சன் கோட்டுக்கு வந்துவிடுவார். நெட்டை ஒட்டிய 7 அடிப் பகுதிதான் கிச்சன். அங்கிருந்து பேஸ்லைன் 15 அடி. அந்த 15 அடியை யார் முதலில் கடக்கிறாரோ அவர் கையில்தான் ஆட்டம். சர்வால் செய்யக்கூடியதெல்லாம் அந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்துவதுதான். ஆழமாக விழுந்த சர்வை அவர் பேஸ்லைனுக்கு மூன்றடி பின்னாலிருந்து எடுத்தால் 15 அடி 18 அடியாகிறது. அதுவும் பின்னால் சாய்ந்த உடம்பை நிமிர்த்திக்கொண்டு ஓட வேண்டும்.

முன்பெல்லாம் எத்தனை சர்வுக்கு எதிராளி திணறினார் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். இப்போது பார்ப்பது ஒன்றைத்தான்: மூன்றாவது அடியை நாங்கள் அடிக்கும்போது ரிட்டர்ன் அடித்தவர் எங்கே இருக்கிறார்? கிச்சன் கோட்டில் பேடிலை உயர்த்திக்கொண்டு நின்றால் என் சர்வ் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். இன்னும் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தால் அது நல்ல சர்வ், அதில் சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அப்படியானால் பலமே வேண்டாமா? வேண்டும். மெதுவான ஆழமான சர்வ் ஓரளவு வரைக்கும்தான் ஓடும். நன்றாக ஆடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு முன்கூட்டியே பின்னால் நின்று, முன்னால் பாய்ந்தபடி அடிப்பார்கள். ஆழத்தோடு வேகமும் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கால் எடுத்து வைக்க நேரம் கிடைக்காது. ஆனால் பலத்தை நான் தேடிய இடம் தப்பு. ஏன் தப்பு என்று புரிய, ஒருநாள் கோர்ட்டின் அளவுகளை எழுதிவைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருந்தது.

கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். நெட் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. காற்றில் வைத்தே அடிக்கிற வழக்கமான சர்வில் பந்தை இடுப்புக்கு மேலே தொடக்கூடாது, பேடில் கீழிருந்து மேலாகத்தான் வர வேண்டும், பந்தில் படும்போது பேடிலின் தலை மணிக்கட்டுக்கு மேலே போகக்கூடாது. என் உயரத்துக்குப் பந்தில் பேடில் படுவது ஏறக்குறைய நெட் உயரத்தில், பல சமயம் அதற்கும் கீழே. அங்கிருந்து 22 அடி தள்ளி நெட். ஆக பந்தை மேல்நோக்கித்தான் அடித்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. டென்னிஸில் தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி அறையலாம். இங்கே மேலே போன பந்தை அடுத்த 22 அடிக்குள் கீழே இறக்கப் புவியீர்ப்பு உண்டு, காற்றின் தடை உண்டு, பந்தின் சுழற்சி உண்டு. நான்காவதாக ஒன்றும் கிடையாது. முதலிரண்டும் நம் கையில் இல்லை.

நான் செய்த தவறு அங்கேதான். பந்து வெளியே போகிறது என்றால் தாழ்வாக அடிப்பேன், நெட்டில் முட்டும். நெட்டில் முட்டுகிறது என்றால் இன்னும் வேகமாக அடிப்பேன், வெளியே போகும். தட்டையாக அடிக்கிற பந்துக்கு வேகம் கூடக் கூட, நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவிலுள்ள வாசல் சுருங்கிக்கொண்டே வரும். அந்த அம்மா நெட்டுக்கு மேலே மூன்று நான்கு அடி விட்டு அடித்ததில் சோம்பல் ஒன்றும் இல்லை, கணக்குதான் இருந்தது. உயரம் கொடுத்தால் ஆழம் தானாக வரும்.

பந்தையும் சொல்ல வேண்டும். பிக்கிள்பால் பந்தின் எடை 22 முதல் 26 கிராம் சொச்சம். டென்னிஸ் பந்தில் பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு உடம்பெல்லாம் ஓட்டை, குறைந்தது 26 துளை. பேடிலை விட்டுக் கிளம்பும்போது இருக்கிற வேகத்தில் நல்ல பங்கைக் காற்று தின்றுவிடும். அதனால் மணிக்கட்டால் சுண்டிவிட்ட பந்து கிளம்பும்போது மிரட்டும், போய்ச் சேரும்போது களைத்திருக்கும்.

சரி, என்னதான் செய்வது? ஆடுகிற நண்பர் ஒருவர் என் சர்வைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு கால்களும் தரையில் நட்டுவைத்த மாதிரி. பின்னங்கால் குதிகால் கடைசி வரை தரையை விட்டு எழவே இல்லை. இடுப்பு அசையவில்லை. முழுக் கோர்ட்டிலும் வேலை செய்தது என் வலது கை மட்டும்தான். அதிலும் ஒரு வேடிக்கை: பேடிலைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பந்தில் பேடில் படுவதற்கு முன்பே என் கண்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தன. இரண்டு மாதமாக முழங்கையின் வெளிப்புறம் வலித்துக்கொண்டிருந்ததற்கும் அன்றைக்குக் காரணம் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் செய்த முதல் நல்ல காரியம் பேடிலைக் கீழே வைத்தது. பேஸ்லைனில் நின்று, சர்வ் அடிக்கிற மாதிரியே, பந்தைக் கையால் கீழ்வாக்கில் எதிர்ப்பெட்டிக்கு எறிந்து பார்த்தேன். கையை மட்டும் வீசினால் பந்து கிச்சனிலேயே படுத்துவிடுகிறது. இன்னும் தூரம் போக வேண்டும் என்று உடம்புக்கு ஒரு கட்டாயம் வந்ததும், யாரும் சொல்லித் தராமலே அது வேலையை ஆரம்பித்தது. எடை பின்னங்காலுக்குப் போகிறது, முன்னங்கால் லேசாக முன்னே வைக்கப்படுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதன் பின்னால் வருகிறது, கை எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. பந்து பெட்டிக்குள் விழுகிறது. பத்துப் பதினைந்து தடவை எறிந்த பிறகு பேடிலை எடுத்து அதே அசைவைச் செய்தேன். முதல் சர்வே பேஸ்லைனைத் தாண்டிப் போனது. அவ்வளவு லேசாக அடித்த பந்து அவ்வளவு தூரம் போனதை அதுவரை நான் பார்த்ததில்லை.

கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு. வேகம் இந்த வரிசையில் கைமாறிக் கைமாறி வர வேண்டும். பெரிய தசைகள் மெதுவாகத் தொடங்க, ஒவ்வொரு கண்ணியும் முந்தையதைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட, கடைசியில் பேடிலின் நுனி எல்லாவற்றையும்விட வேகமாகப் பறக்கும். இடையில் ஒரு மூட்டு இறுகி நின்றுவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும், மிச்ச வேலை முழுதும் கைமேல் விழும். என்னுடைய முழங்கை வலி அந்த மிச்ச வேலைதான்.

இதைப் பழக எனக்கு உதவியது ஒரு துண்டு. சின்னத் துண்டின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மறுமுனையைப் பேடில் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு சர்வ் வீச்சு வீசுவேன். கை இறுகியிருந்தால் துண்டு கையோடு ஒட்டிக்கொண்டே வரும், சத்தமே வராது. கை தளர்ந்திருந்து இடுப்பு முதலில் திரும்பினால் முடிச்சு பின்தங்கி வந்து கடைசியில் ‘விசுக்’கென்று முந்தும். அந்த ‘விசுக்’ எங்கே கேட்கிறது என்பதுதான் முக்கியம். எனக்கு ஆரம்பத்தில் தொடைக்குப் பின்னால் கேட்டது. அப்படியென்றால் பந்தைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைச் செலவழித்துவிட்டேன். முன்னங்காலுக்குக் கொஞ்சம் முன்னால் அது கேட்கிற வரைக்கும் தினமும் ஐந்து நிமிஷம் வீசினேன். வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது வேறு கதை.

பிடி தளர்வாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், எவ்வளவு தளர்வு என்று யாரும் சொல்வதில்லை. பேடில் பறந்துவிடக் கூடாது, ஆனால் பக்கத்தில் நிற்பவர் பிடித்து இழுத்தால் கையை விட்டு வந்துவிட வேண்டும். என் அளவுகோல் அதுதான். பிடி இறுகினால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் மணிக்கட்டு கட்டையாகிவிடும். பேட்மின்டன்காரன் சொல்கிறேன், இந்தச் சர்வில் மணிக்கட்டை வேண்டுமென்றே சுண்டாதீர்கள். அது தளர்ந்து கிடந்தால் தானாகப் பின்தங்கித் தானாக முன்னே வரும். நீங்கள் சுண்டினால் ஒரு நாள் இடது மூலை, ஒரு நாள் வலது மூலை என்று பந்து அதன் இஷ்டத்துக்குப் போகும்.

பந்தை விடுவதும் எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. மேலே தூக்கிப் போட்டால் அது இறங்கி வரும் வேகத்தோடு என் வீச்சைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் பொருத்தம் மாறும். இப்போது தூக்குவதே இல்லை. இடது கையை முன்னங்காலுக்கு முன்னால் நீட்டி, விரல்களைத் திறந்து பந்தை விட்டுவிடுகிறேன். கை எங்கே இருக்கிறதோ பந்து அங்கேதான் இருக்கும், தேட வேண்டியதில்லை. பேடில் பட்ட பிறகும் ஒரு கணம் கண்கள் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொல்ல எளிது. எனக்கு இன்னமும் பாதி நேரம் தலை தூக்கிவிடுகிறது.

வேகத்துக்கு அடுத்தது அதை உள்ளே இறக்குவது. மேலே சொன்ன மூன்றில் நம் கையில் இருப்பது சுழற்சி ஒன்றுதான். கை குலுக்குவது போலப் பிடித்த பிடியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் பேடிலின் முகம் லேசாகத் தரையைப் பார்க்கும். அப்படியே கீழிருந்து மேலாகப் பந்தின் முதுகை வருடிக்கொண்டு போய், வீச்சை இடது தோளுக்குக் கொண்டுபோய் முடித்தால் பந்து முன்னோக்கி உருளும். அதுதான் டாப்ஸ்பின். நெட்டுக்கு மேலே தாராளமாக இடம் விட்டு அடித்த பந்தும் கடைசி நேரத்தில் தலை குனிந்து உள்ளே விழும், விழுந்ததும் எதிராளியை நோக்கி எகிறும். ஆனால் ஆரம்பத்திலேயே இதற்குள் இறங்காதீர்கள் என்பேன். உடம்பு திரும்பாத சர்வில் டாப்ஸ்பின் போட்டால் பந்து நெட்டைக்கூடத் தாண்டாது. நான் ஒரு மாதம் அதில் வீணடித்தேன்.

சுழற்சி ஆசை எல்லாருக்கும் உண்டு. விதிகளுக்கே அது ஒரு தலைவலியாக இருந்திருக்கிறது. ஸேன் நவ்ராட்டில் என்ற தொழில்முறை ஆட்டக்காரரால் ‘செயின்சா சர்வ்’ பிரபலமானது. அடிப்பதற்கு முன்பே பந்தைத் தேய்த்துச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியோடு அடிப்பது. ரிட்டர்ன் அடிக்கிறவர்கள் திண்டாடினார்கள். 2022இல் பேடிலை வைத்துச் சுழற்றக்கூடாது என்றார்கள், 2023இல் கையாலும் சுழற்றக்கூடாது என்று முடித்துவிட்டார்கள். இப்போது பந்தைச் சும்மா விட வேண்டும், சுழற்சி பேடில் பட்ட பிறகுதான். பழைய வீடியோவைப் பார்த்து அதைப் பழகுகிறவர்கள் கவனிக்கவும்.

டிராப் சர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் சோதனையாக வந்து நிலைத்துவிட்ட விதி அது. பந்தைக் கையிலிருந்து விட்டு, குத்தி எழும்பிய பிறகு அடிக்கலாம். மேலே தூக்கியும் போடக்கூடாது, கீழே ஓங்கியும் எறியக்கூடாது. இடுப்பு, மணிக்கட்டு, கீழிருந்து மேல் என்ற நிபந்தனைகள் எதுவும் இதற்குக் கிடையாது. கேட்கச் சலுகை மாதிரி இருக்கும். ஆனால் பந்து எழும்பினால்தானே? பந்தைச் சோதிக்கும் விதியே 78 அங்குல உயரத்திலிருந்து கருங்கல் மேல் போட்டால் 30 முதல் 34 அங்குலம்தான் எழும்ப வேண்டும் என்கிறது. நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் முழங்கால் வரைக்கும் வந்தாலே பெரிது. அங்கிருந்து குனிந்து பலமாக அடிப்பது கஷ்டம். பந்தை விடுவதில் தடுமாறுகிறவர்களுக்கும், நடுவரோடு வம்பு வேண்டாம் என்பவர்களுக்கும் நல்ல வழி. பலம் வேண்டும் என்றால் நான் காற்றில் வைத்தே அடிப்பேன்.

எங்கே அடிப்பது என்பதற்கு என் பதில் சுருக்கமானது: முதலில் ஆழம், பக்கம் அப்புறம். சர்வ் குறுக்காகப் போய் விழ வேண்டிய பெட்டி 15 அடி ஆழம். அதில் கடைசி 5 அடியில் விழுந்தால் எந்தப் பக்கமானாலும் எனக்குச் சம்மதம். பக்கம் பார்க்கத் தொடங்கியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எதிராளி வலது கைக்காரர் என்றால், வலப் பெட்டியிலிருந்து நான் அடிக்கும்போது அவர் பேக்ஹேண்ட், அதாவது புறங்கையால் அடிக்கிற இடப்பக்கம், நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே அனுப்புவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. இடப் பெட்டியிலிருந்து அடிக்கும்போது அவர் பேக்ஹேண்ட் ஓரக்கோட்டுப் பக்கம், எனக்கு வலது மூலையில். இடுப்பு கொஞ்சம் சீக்கிரம் திரும்பிவிட்டாலும் பந்து நடுவுக்கு இழுத்துக்கொண்டு போய் அவர் ஃபோர்ஹேண்டில் நிற்கும். அங்கே நான் இன்னும் பக்கவாட்டாகத் திரும்பி நின்றுகொள்கிறேன். ஓரக்கோட்டுப் பக்கமாக நகர்ந்து நின்று எதிர் மூலைக்கு அடித்தால் இன்னொரு லாபம்: பந்து நெட்டைக் கடப்பது நடுவில், அதாவது 34 அங்குலத்தில். தூரமும் 44 அடி போய்க் குறுக்காக 48 அடியாகிறது. சின்ன லாபம்தான், இருந்தாலும் இலவசம். ஆனால் அடித்தவுடன் நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

குறி நுணுக்கமாகப் போகப் போகத் தவறும் கூடும். சர்வ் அடிக்கிற பக்கத்துக்குத்தான் பாயின்ட் என்று ஆடுகிற ஆட்டத்தில் தவறிய சர்வ் என்பது கையிலிருந்த வாய்ப்பைத் தட்டிவிடுவது. இரண்டாவது சர்வ் என்று ஒன்று இங்கே கிடையாது. பயிற்சியில் இருபதுக்கு மூன்று தவறினால் பரவாயில்லை, ஆட்டத்தில் இருபதுக்கு ஒன்றுக்கு மேல் தவறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். அப்படிக் குறைக்கும்போது கையை மெதுவாக்குவதில்லை. அது பயந்த கையாகிவிடும். வீச்சை அப்படியே வைத்துக்கொண்டு நெட்டுக்கு மேலே இன்னும் ஓரடி உயர்த்திவிடுகிறேன்.

சர்வ் பயிற்சிக்குத் துணை ஆள் வேண்டாம் என்பது பெரிய சௌகரியம். காலி கோர்ட்டும் இருபது பந்தும் போதும். இவ்வளவு சௌகரியம் இருந்தும் யாரும் அதைச் செய்வதில்லை. வந்தவுடன் நாலு பேர் சேர்ந்தால் ஆட ஆரம்பித்துவிடுகிறோம். நான் வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் முன்னால் போகிறேன். எதிர்ப்பெட்டியில் பேஸ்லைனிலிருந்து ஐந்தடி உள்ளே ஒரு கயிற்றைக் குறுக்கே போட்டுவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் எத்தனை விழுந்தது என்று எண்ணுகிறேன். முதல் பத்துப் பந்துக்கு முழு பலம் போடுவதில்லை. ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் பந்தை இரண்டு முறை தட்டி, மூச்சை விட்டு, தோள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஸ்கோர் சொன்ன பிறகு 10 விநாடி இருக்கிறது, அது தாராளம்.

போன வாரம் அந்த அம்மாவுக்கு எதிராக வலப் பெட்டியிலிருந்து அடித்த ஒரு சர்வ் அவர் காலடியில் குத்தியது. அவர் பின்னால் நகர்ந்து, முழங்கால் பட்டையைத் தடவிக்கொண்டு, பந்தை நெட்டில் அடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சர்வ் இடப் பெட்டியிலிருந்து. இன்னும் கொஞ்சம் போடலாமே என்று தோன்றிய அந்த நொடியில் விரல்கள் இறுகியதை நானே உணர்ந்தேன். ‘டக்’கென்று நல்ல சத்தம். பந்து நெட்டின் நடுவில்.

“ம், பழைய சத்தம்” என்றார்.

இடப் பெட்டியில் இப்போதைக்கு இருபதுக்கு ஒன்பதுதான் கயிற்றைத் தாண்டுகிறது.